அவர் நோட்டின் பின்பக்கத்தில் நான் எழுதியது

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒண்ணுக்கு சரியாக வராமல் போன வருஷம்தான் எனக்கு அவர் மேல் பொறாமை வந்தது. நாற்பத்து மூன்று வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டு, புருஷனுக்கு வந்த வியாதியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டால் நான் பிழைத்த கதையே விட்டுப்போகும்.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் வராது. கை வரும். எங்கள் தெரு மகளிர் குழுவில் தீர்மான நோட்டு எழுதுவது நான்தான், பேசுவது மற்றவர்கள். மருமகள் கஸ்தூரி, "நீ பேச வேணாம் அத்தே, எழுதிக் குடு, குழுவுல நான் படிச்சுக் காட்றேன்" என்றாள். ஒரு செக்கப்புக்கும் அடுத்த செக்கப்புக்கும் நடுவில் எனக்கு மூன்று மாசம் இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ரெண்டு பவர்லூம் தறி. பையன் ஓட்டுகிறான். அவருக்கு காலையில் டீக்கடை, அப்புறம் நூல் கடை, சாயங்காலம் திருத்தணி மலைப்படியில் பாதி தூரம் ஏறி இறங்குவது. ஒரு நாள் டீக்கடையில் வைத்தே, ஒண்ணுக்குப் போனால் அரை மணி நேரம் நிற்கிறேன், சொட்டுச் சொட்டாக வருகிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கூச்சமே கிடையாது. மத்தியானத்துக்குள் எதிர்வீட்டில் இருந்து பார்லித் தண்ணீர் வந்தது. கோடிவீட்டில் இருந்து வாழைத்தண்டு வந்தது. போஸ்ட் ஆபீஸில் இருந்த ஒருத்தர் வீடு தேடி வந்து தனக்கும் அப்படித்தான் இருந்தது என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். மறுநாள் பையன், "நைனாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று ரெண்டு தறியையும் நிறுத்தினான்.

தறி நிற்பது எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை. நான் டைபாய்டில் பதினெட்டு நாள் படுத்திருந்தபோது தறி ஓடிக்கொண்டேதான் இருந்தது. அந்தச் சத்தத்தில் பல்லெல்லாம் ஆடுவது போல இருக்கும். இப்போது அவருக்காகத் தறி நின்று, வீடு அமைதியானதும், எனக்கு வயிற்றுக்குள் ஏதோ எரிந்தது. ராத்திரியில் அவர் அஞ்சு தடவை எழுந்தால் நானும் அஞ்சு தடவை எழுந்து லைட் போட வேண்டும். காலையில் எல்லாரும் அவரைத்தான், தூக்கம் வந்ததா என்று கேட்பார்கள்.

எனக்கும் ஒரு சங்கதி இருந்தது. தை மாசத்தில் இருந்து, சில நாள் ஒண்ணுக்கு சிவப்பாகப் போனது. ஒரு நாள் போகும், அப்புறம் பத்துப் பதினைந்து நாள் சுத்தமாக இருக்கும். வலி துளி கூட இல்லை. வலிக்காதது வியாதியா? நான் வேறு காரணம் வைத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் அம்மா ஊரில், ஆந்திரா பக்கம், சாயப்பட்டறையில் வேலை செய்தேன். பதிமூன்று வயசில் இருந்து எட்டு வருஷம். சுடுகிற சாயத் தொட்டியில் நூலை முக்கி, குச்சியில் புரட்டி, வெறும் கையால் பிழிவோம். முழங்கை வரைக்கும் கலர் ஏறிவிடும். சிவப்புத் தொட்டியில் நின்ற நாளில் சிலருக்கு மூத்திரம் கூட அந்தக் கலரில் போகும். அதற்கு அங்கே, "சாயம் இறங்குது" என்று சொல்வார்கள். ரெண்டு சொம்பு மோர் குடிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான் வைத்தியம். பட்டறையில் பொம்பளைகளுக்குக் கக்கூஸ் கிடையாது. விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டினதும் ஒரு தடவை. அதனால் பகலில் தண்ணீரே குடிக்க மாட்டோம். அடக்குவதில் எங்களை யாரும் ஜெயிக்க முடியாது.

அதனால் அறுபத்தி நாலு வயசில் சிவப்பாகப் போனதும், உடம்பில் எங்கேயோ தங்கியிருந்த பழைய சாயம் இப்போது இறங்குகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். மோர் குடித்தேன். நின்றது. மோர்தான் நிறுத்தியது என்று நம்பினேன். அது தானாக நிற்கும், தானாக வரும் என்று அப்போது தெரியாது.

திருத்தணி ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டாக்டர், யூராலஜி டாக்டரைப் பாருங்கள் என்று சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். காலை லோக்கல் ட்ரெயினில் போனோம். அந்த வராந்தாவில் எங்கே பார்த்தாலும் ஆம்பளைகள். லுங்கிக்குள் இருந்து டியூப் வந்து கையில் ஒரு மூத்திரப் பையோடு உட்கார்ந்திருப்பவர்கள், ஃபைலால் விசிறிக்கொண்டு இருப்பவர்கள். நடுவில் நாலைந்து பொம்பளைகள். அவர்களும் என்னைப் போலத் துணைக்கு வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன். யூராலஜி என்றால் ஆம்பளைகளுக்கான டாக்டர், பொம்பளைகளுக்குப் பிரசவ டாக்டர். என் கணக்கு அப்படி இருந்தது. இந்தத் தப்புக் கணக்கைத்தான் குழுவில் எல்லாரும் முதலில் அழிக்க வேண்டும்.

டாக்டருக்கு அம்பது வயசு இருக்கும். பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். எங்கள் வீட்டுக்காரரைப் படுக்க வைத்துப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். ஆம்பளைகளுக்கு மூத்திரப்பைக்குக் கீழே ப்ராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். ஒண்ணுக்கு வெளியே வருகிற குழாய் அதன் நடுவே போகிறது. வயசானால் அந்தச் சுரப்பி வீங்கிக் குழாயை நெருக்கும். அதுதான் சொட்டுச் சொட்டாக வருகிறது. பயப்பட ஒன்றும் இல்லை, மாத்திரையில் பார்க்கலாம் என்றார்.

அப்புறம் ஒரு வேலை கொடுத்தார். எத்தனை மணிக்குப் போகிறார், எவ்வளவு போகிறது என்று கோடு போட்ட குவளையில் அளந்து ஒரு வாரம் நோட்டில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

பையன் புது நோட்டு வாங்கி வந்தான். குவளை வாங்கி வந்தான். ஒரு மனுஷன் ஒண்ணுக்குப் போவதற்கு ஒரு நோட்டு! என் வாழ்நாளில் என்னை யாரும், இன்றைக்கு எத்தனை தடவை போனாய் என்று கேட்டது கிடையாது. நான் போகாமல் இருந்தால்தான் எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது.

எழுதுகிற வேலை என் தலையில். அவர் உள்ளே இருந்து தெருவுக்கே கேட்கிற மாதிரி, "ஏமே, நூத்தி இருவது, எழுதிக்கோ" என்பார். நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மணி ஒரு பக்கம், அளவு ஒரு பக்கம் என்று தீர்மான நோட்டு மாதிரியே எழுதினேன். ரெண்டாவது நாள் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பழைய ஜாம் பாட்டிலில் அவர் குவளையை வைத்து அளந்து கோடு கிழித்துக்கொண்டேன். நோட்டைத் திருப்பிப் பிடித்து, கடைசிப் பக்கத்தில் இருந்து என் கணக்கை எழுதினேன். அவர் நூத்தி இருவது, நான் நானூறு. அதைப் பார்த்து எனக்கு ஒரு சந்தோஷம். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருந்தது.

நாலாவது நாள் எனக்கு சிவப்பு வந்தது. நோட்டு இருக்கும்போது எழுதாமல் எப்படி இருப்பது? வெறும் சிவப்பு என்று எழுதவும் மனசு வரவில்லை. சாயப்பட்டறையில் ஒவ்வொரு சிவப்புக்கும் தனித்தனிப் பேர் உண்டு. வியாழன், வெங்காயத் தோல். வெள்ளி, அரக்கு. சனிக்கிழமை வெள்ளை. ஞாயிறு அரக்கு, கூடவே நூல் துணுக்கு மாதிரி ரெண்டு மூன்று துண்டு. யாருக்கும் காட்ட வேண்டும் என்று எழுதவில்லை. அவருக்கு ஒரு நோட்டு இருந்தால் எனக்குப் பாதி நோட்டாவது இருக்கட்டும் என்றுதான்.

அடுத்த முறை போனபோது டாக்டர் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"ரொம்ப அழகா எழுதியிருக்கீங்களே ஐயா. படிச்சவங்களே இப்படி எழுதிட்டு வர மாட்டாங்க."

அந்த லேடி டாக்டரும் எட்டிப் பார்த்து, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது தாத்தா என்றாள்.

எங்கள் வீட்டுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ஆங், எழுதுனா கரெக்டா எழுதணும்ல சார். ஒரு வேள கூட வுடல" என்றார்.

அவர் ஒரு எழுத்துக் கூட எழுதவில்லை. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. டாக்டர் நோட்டை மூடி அவர் கையில் கொடுக்கப் போனார். மூடினால் அவ்வளவுதான் என்று தோன்றியது. எது அவ்வளவுதான் என்று தெரியவில்லை. வியாதியைப் பற்றி நினைத்தேன் என்று சொன்னால் பொய். அந்தப் பேர் அவருக்குப் போகக் கூடாது, அதுதான் நினைத்தேன்.

"பின்னால கூட இருக்குதுங்க" என்றேன்.

மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் படித்தார். எங்கள் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "அது எங்க வூட்ல எதுனா கிறுக்கிகினு இருந்திருக்கும் சார்" என்றார். டாக்டர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"இது யாருதும்மா?"

"என்னுதுங்க."

"அரக்குன்னு எழுதியிருக்கீங்களே?"

"கலருங்க. புடவைக் கலர். சிவப்புல கொஞ்சம் கருப்பு கலந்தா வருமே, அது."

"வலி இருந்துச்சா?"

"இல்லீங்க. சாயம்தான் இறங்குதுன்னு..."

சாயப்பட்டறைக் கதையைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். டாக்டர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்: "நாப்பது வருஷம் கழிச்சு சாயம் இறங்காதும்மா. இது ரத்தம். வலியோட வந்தா கல்லு, நீர்க்கடுப்புன்னு ஆயிரம் இருக்கும். வலியே இல்லாம வர்ற ரத்தத்தைத்தான் நாங்க உடனே பாக்கணும்."

சொல்லிவிட்டு டாக்டர், எங்கள் வீட்டுக்காரருடைய ஃபைலை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தார். அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு சந்தோஷமாக இருந்தது. அவர் ஃபைல் ஓரத்தில், என் பேரில் புது ஃபைல் மேஜை நடுவில். எழுந்து போகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். வெளுத்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயமே வந்தது.

முதலில் ஒண்ணுக்கு டெஸ்ட். அப்புறம் ஸ்கேன். அதற்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். மற்றவர்கள் நெளிந்தார்கள், நான் அசையவில்லை. அடுத்த வாரம் குழாய் கேமரா. ஒண்ணுக்குப் போகிற வழியிலேயே மெல்லிசான குழாயை விட்டு மூத்திரப்பைக்குள் பார்ப்பது. மரத்துப் போகிற ஜெல் வைப்பார்கள். வலி என்று சொல்ல முடியாது, ஒரு எரிச்சல். வெட்கம்தான் அதிகம். ஆனால் ஸ்க்ரீன் போட்டு, அந்த லேடி டாக்டரே பக்கத்தில் நின்று, என் முட்டி மேல் கை வைத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒருத்தி நிற்பாள் என்று தெரிந்திருந்தால் தை மாசமே வந்திருப்பேன். டிவியில் காட்டினார்கள். பைக்குள் ஓர் ஓரத்தில், நூல் முனை பிரிந்து தண்ணீரில் அலைகிற மாதிரி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கட்டி என்றார்கள். கேன்சரா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. வெளியே வந்ததும், கூட வந்திருந்த கஸ்தூரிதான் கேட்டாள். அந்த வகையாகத்தான் தெரிகிறது, சுரண்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினால்தான் எவ்வளவு ஆழம் என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

அன்றைக்கு ட்ரெயின் திருவள்ளூர் தாண்டியது. எங்கள் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "எங்கிட்ட கூட சொல்லலையேமே" என்றார்.

"நீங்க கேக்கலையே" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு.

பெண்கள் வார்டில் எட்டு நாள் இருந்தேன். ஆபரேஷனுக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டையே போதும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அட்டையில் என் பேரும் போட்டோவும் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். என் வயசு அதில் தப்பாக இருந்து, பையன் ரெண்டு நாள் அலைந்தான்.

பக்கத்துக் கட்டிலில் கே.ஜி.கண்டிகையில் இருந்து வந்த ராஜம்மா. விவசாயக் குடும்பம், நிலம் நீச்சு உண்டு. கிட்னியில் இருந்து மூத்திரப்பைக்கு வருகிற குழாயில் கல் அடைத்து, துடித்துக்கொண்டு வந்து சேர்ந்தவள். லேசரில் உடைத்து எடுத்திருந்தார்கள். மூன்று பெண்கள் அவளுக்கு. ஒருத்தி தலை வாருவாள், ஒருத்தி கால் பிடிப்பாள், ஒருத்தி கீழே டீ வாங்கப் போவாள். ராஜம்மா வார்டுக்கே கேட்கிற மாதிரி டாக்டரைக் கூப்பிட்டு, எரியுது, இறங்கலை, நேத்து ரெண்டு தடவை, இன்னைக்கு ஏழு தடவை என்று எல்லாம் சொல்வாள். எனக்கு அவள் மேல் வந்த பொறாமைக்கு அளவே இல்லை. நான் வாயை மூடிப் படுத்திருந்ததைப் பார்த்து ஒரு நாள், "இன்னாக்கா, உங்க தறிகாரங்க ஊட்ல வாயில கூட பாவு நூல சுத்தி வெச்சுடுவாங்களா?" என்றாள். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், போர்வைக்குள்.

அவள் கல்லைச் சின்னச் சீசாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் குலுக்கிக் காட்டுவாள். மிளகு அளவு கூட இல்லை. அவள் வியாதி சீசாவுக்குள் வந்துவிட்டது, மூடி போட்டுவிட்டாள், வீட்டுக்கு எடுத்துப் போகப் போகிறாள். என்னுடையது எங்கே போய் என்ன பதில் கொண்டு வரும் என்று தெரியவில்லை.

ஆபரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என்னுடையது இல்லாத மாதிரி ஆகிவிட்டது. வயிற்றைக் கிழிக்கவில்லை. போன தடவை போன வழியிலேயே உள்ளே போய்ச் சுரண்டி எடுத்தார்கள். அப்புறம் டியூப் போட்டு, மேலே பெரிய பாட்டிலில் இருந்து உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கவும், கீழே பையில் வந்து சேரவும் விட்டிருந்தார்கள். ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளாமல் கழுவுவதற்கு. நர்ஸ் வந்து கலர் எப்படி இருக்கிறது என்று பார்ப்பாள். நான், காலையில் அரக்கு, இப்போது ரோஜா, இன்னும் ரெண்டு பாட்டில் போனால் வெளிர்ரோஸ் என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டாள். அங்கே என்னிடம் ஒருத்தர் கேட்டு நான் தயங்காமல் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

கஸ்தூரி எட்டு நாளும் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். மூத்திரப் பையை அவள் காலி பண்ணும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். "உன் பையன் பீத்துணி நீ அலசினே, நான் இத அலசுறேன், சரியாப் போச்சு அத்தே" என்றாள். பையன் வார்டு வாசலில் ஃப்ளாஸ்க்கோடு நிற்பான். உள்ளே வர அவனுக்குக் கூச்சம். ஃப்ளாஸ்க்கைக் கொடுத்துவிட்டு, "தறி நிறுத்திட்டேம்மா" என்றான். ஏன்டா என்று கேட்டதற்கு, "சும்மா" என்றான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆம்பளைகளைச் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். மூன்று மணிக்கே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாராம் எங்கள் வீட்டுக்காரர். அவருக்கு மாத்திரையில் நன்றாகப் போக ஆரம்பித்திருந்தது. ஆனால் அதைக் கேட்க ஆள் இல்லை. டீக்கடையில் இருந்து போன் வந்தாலும், அண்ணிக்கு எப்படி இருக்குது என்றுதான் கேட்கிறார்களாம். "எனக்கு இன்னான்னு ஒருத்தனும் கேக்கறதில்ல" என்று கஸ்தூரியிடம் குறைப்பட்டுக்கொண்டாராம். அவள் வந்து சொன்னதும், டியூப் இழுக்க இழுக்கச் சிரித்தேன்.

ராஜம்மா எனக்கு முன்னாலேயே டிஸ்சார்ஜ் ஆனாள். மூன்று பெண்களும் பையைத் தூக்க, அவள் ராணி மாதிரி நடந்து போனாள். போகிற போது என் தலையணை அருகில் ரெண்டு கொய்யாப்பழம் வைத்துவிட்டு, ஒன்றும் ஆகாது போ என்று தோளைத் தட்டினாள். அந்தப் பழத்தை நான் ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அவ்வளவு கெட்ட மனசு எனக்கு.

ரிசல்ட் வர இருபது நாள் ஆனது. அந்த இருபது நாளில் தெருவில் போகிற ஒவ்வொருத்தியையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன். கிருத்திகைக்கு மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு காவடியோடு போகிறவளைப் பார்த்தால், இவளுக்கு ஒன்றும் இல்லை. தக்காளி விலை பேசுகிறவளைப் பார்த்தால், இவளுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லாமல் இருந்த நாளெல்லாம் எனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று இருந்தது.

ரிசல்ட் நாள் டாக்டர் உட்கார வைத்துச் சொன்னார். கேன்சர்தான். ஆனால் பையின் உள்தோலோடு நின்றுவிட்டது, சதைக்குள் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டி வந்திருக்கும். இன்னும் ஒரு வருஷம் மோர் குடித்துக்கொண்டு இருந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும் என்றார். அந்தக் காலத்துச் சில சாயங்களால் இது வரலாம், உங்களுக்கு அதனால்தான் என்று சத்தியம் பண்ண முடியாது என்றும் சொன்னார். இது திரும்ப முளைக்கிற ஜாதியாம். அதனால் ஆறு வாரம், வாரம் ஒரு தடவை, பி.சி.ஜி. மருந்து. குழந்தை பிறந்ததும் தோளில் போடுகிறார்களே, அதே கிருமி. அதை டியூப் வழியாக மூத்திரப்பைக்குள் விட்டால், நம் உடம்பு அதோடு சண்டை போடக் கிளம்பி, மிச்சம் மீதி இருக்கிற கேன்சரையும் சேர்த்து அடிக்குமாம்.

ஆறு வியாழக்கிழமை ட்ரெயினில் போய் வந்தேன். மருந்து விட்ட பிறகு ரெண்டு மணி நேரம் ஒண்ணுக்கு அடக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பெரிய மீசைக்காரர் ஒருத்தர் முக்கால் மணியில் ஓடினார். நான் ரெண்டே கால் மணி இருந்தேன். அந்த ராத்திரி எரியும், குளிர் ஜுரம் மாதிரி வரும், மறுநாள் சரியாகிவிடும். வீட்டில் முதல் ஆறு மணி நேரம் கக்கூஸில் ப்ளீச்சிங் ஊற்றி வைத்துத்தான் தண்ணீர் விட வேண்டும்.

குழுவில் படிக்கும்போது இந்த இடத்தை மட்டும் கஸ்தூரி ரெண்டு தடவை படிக்கட்டும். யூராலஜி டாக்டர் ஆம்பளைகளுக்கு மட்டும் இல்லை. கிட்னி ரத்தத்தை வடிகட்டி மூத்திரத்தைப் பிரிக்கிறது, குழாயில் இறங்குகிறது, பையில் சேருகிறது, வெளியே போகிறது. இந்த வழி முழுக்க, எங்கே அடைத்தாலும் எங்கே ஒழுகினாலும் எங்கே முளைத்தாலும் பார்ப்பது அவர்தான். இருமினால் தும்மினால் புடவை நனைகிறது என்று கோயிலுக்கே போகாமல் இருக்கிறவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்? அதையும் அவரிடம் சொல்லலாம். வருஷத்துக்கு நாலு தடவை நீர்க்கடுப்பு வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்காமல் அவரைப் பாருங்கள். இடுப்பில் இருந்து முன்பக்கம் இழுக்கிற வலி, கூட ஜுரம் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். சுத்தமாக வராமல் அடைத்துக்கொண்டாலும் அன்றைக்கே. சிவப்பு ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும் போய்க் காட்டுங்கள். பீட்ரூட் சாப்பிட்டேன், சூடு, சாயம் என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

போன மாசம் மறுபடி கேமரா விட்டுப் பார்த்தார்கள். அதே நாளில் எங்கள் வீட்டுக்காரருக்கும் செக்கப். அவரை முதலில் பார்த்து, மாத்திரையைத் தொடருங்கள், இனி ஒரு வருஷம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். ஒரு வருஷம்! எனக்கு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை, ரெண்டு வருஷத்துக்கு. அதற்கு அப்புறமும் விட மாட்டார்களாம். கையை வீசிக்கொண்டு வெளியே போனவரைப் பார்த்து எனக்குப் பழைய எரிச்சல் திரும்ப வந்தது.

சாயங்கால ட்ரெயினில் நல்ல கூட்டம். எப்படியோ எதிரும் புதிருமாக இடம் கிடைத்தது. அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும், ஆரம்பிப்பார் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆவடி தாண்டியது. அவர் முன்னால் குனிந்தார்.

"உள்ள கேமரா வுட்டுப் பாத்தாங்களே, இன்னா சொன்னாங்க?"

"நல்லாத்தான் இருக்குதாம்."

"அப்பிடி ஒரே வார்த்தைல சொல்லாதமே. மொதல்லேர்ந்து சொல்லு. எங்க படுக்க வெச்சாங்க, இன்னா தெரிஞ்சுது?"

சுற்றிப் பார்த்தேன். பக்கத்தில் பூக்காரம்மா, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு ஆம்பளைகள். சொல்ல ஆரம்பித்தேன். ஜெல் வைத்தது, குழாய் போனது, டிவியில் பை முழுக்க வழவழவென்று வெளிர்ரோஸாகத் தெரிந்தது, போன தடவை நூல் முனை ஆடிய இடத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் இருந்தது, எத்தனை தடவை போகிறது, எவ்வளவு போகிறது, எல்லாம். அவர் ஒரு இடத்தில் கூடக் குறுக்கே பேசவில்லை. அரக்கோணம் வந்தும் எனக்கு முடியவில்லை. பூக்காரம்மா பூ கட்டுவதை நிறுத்திவிட்டுக் காதை இந்தப் பக்கமே வைத்திருந்தாள். கேட்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.